சுண்டுவிரலில் ஓர் இழுப்பு

என் மகளை நல்ல பெண் என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இருக்கும் இடமே தெரியாது, வாயைத் திறக்காது, உட்கார் என்றால் உட்காரும் என்று சொல்லிச் சொல்லியே அவளைக் குழியில் தள்ளப் பார்த்தார்கள். பத்து வயதுப் பெண் இருக்கும் இடமே தெரியவில்லை என்றால், அவள் எங்கே போயிருக்கிறாள் என்று ஒருவராவது கேட்க வேண்டாமா?

எங்கள் வீட்டில் அவளுக்குப் பராக்கு என்று பட்டப்பெயர். வைத்தது அவள் அப்பா. லிஃப்ட் பழுதுபார்க்கிற மனிதர், எதற்கும் ஒரு பேர் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைக்கிற ஜாதி. ஒரு செருப்பைக் காலிலும் மற்றதைக் கையிலும் வைத்துக்கொண்டு வாசலில் நின்று எதையோ பார்த்துக்கொண்டிருப்பாள். பல் தேய்க்கப் போனால் குழாயில் தண்ணீர் ஓடும், பிரஷ் வாயில் நிற்கும், ஆள் மட்டும் சுவரில் ஊர்கிற எறும்போடு போயிருப்பாள். "பராக்கு, ரயிலு நின்னாச்சு, இறங்கு" என்று அவர் கத்துவார். நானும் சிரிப்பேன். அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது அப்போது.

சிரிப்பு நின்றது பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு அனுப்பிய அன்று. விடைத்தாள்களை எடுத்து என் முன்னால் பரப்பினார் வகுப்பு டீச்சர். மேலே இரண்டு கணக்கு, சரியாக, அழகான கையெழுத்தில். அதற்குக் கீழே வெறும் வெள்ளைத் தாள்.

"வகுப்புல ஒரு தொந்தரவும் கிடையாதுங்க. ரொம்ப நல்ல பொண்ணு" என்றார். "ஆனா மண்டையில எதுவும் ஏற மாட்டேங்குது. அடுத்த வருஷம் ரெண்டு வகுப்பு கீழ உக்கார வெக்கலாம்னு இருக்கோம்."

"ரெண்டு வகுப்பா? அவ மக்கு இல்லீங்க டீச்சர். கவனம்தான் நிக்க மாட்டேங்குது. மேல இருக்கிற கணக்கப் பாருங்க."

"கவனக் குறைவு உள்ள பிள்ளைங்கள நானும் பாத்திருக்கேன். பெஞ்சு மேல ஏறிக் குதிக்கும். பக்கத்துல இருக்கிறவனக் கிள்ளும். உங்க பொண்ணு பொம்மை மாதிரி உக்காந்திருக்கா."

நான் விடவில்லை. டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கி வருகிறேன் என்றேன். வருஷக் கடைசித் தேர்வுக்குள் வந்தால் யோசிக்கலாம், வராவிட்டால் கீழ் வகுப்புதான் என்று முடித்துவிட்டார்.

என் நாத்தனார் மகன் இருக்கிறான். அவன் பெஞ்சு மேல் ஏறிக் குதித்த ரகம். வகுப்பு ஜன்னல் கண்ணாடியை உடைத்தான், பள்ளிக்கூடமே அலறியடித்துக்கொண்டு அவனை நிபுணரிடம் அழைத்துப் போனது. இப்போது அவனுக்குத் தனியாக ஒரு டீச்சர், தேர்வில் கூடுதல் நேரம், முதல் வரிசையில் இடம். நன்றாக இருக்கட்டும், வயிற்றெரிச்சல் இல்லை. சரி, கொஞ்சம் உண்டு. என் மகள் எதையும் உடைக்கவில்லை, அதனால் அவள் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர்கள் பார்க்காதது வீட்டில் நடந்தது. பாடம் எழுத உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, முஷ்டியை மடக்கித் தன் தலையில் தானே குத்திக்கொள்வாள். "ஏன் ஏறல, ஏன் ஏறல" என்று ஒவ்வொரு குத்துக்கும் ஒரு கேள்வி. கையைப் பிடித்துக்கொண்டால் என் மடியிலேயே விழுந்து மூச்சு முட்ட அழுவாள். ஒரு நாள் அழுது ஓய்ந்தபின் கேட்டாள்.

"அம்மா, உன் வேலையில கறை போகாத துணிய என்ன பண்ணுவீங்க?"

"கிழிச்சுத் தரை துடைக்கப் போட்டுடுவோம். ஏன்டி?"

"ஒண்ணுமில்ல. என்னையும் அப்படித்தான் போடப் போறாங்கன்னு நெனச்சேன்."

நான் வேலை செய்வது ஒரு பெரிய சலவைக் கூடத்தில். ஓட்டல்களிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். துவைக்கும் இயந்திரங்கள், உலர்த்திகள், சூடான உருளைக்குள் விரிப்பை இழுத்துத் தேய்க்கும் இயந்திரம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே ஓடும். பக்கத்தில் நிற்பவளின் காதைக் கடித்தால்கூட அவள் கத்துவது கேட்காது. அதனால் எங்கள் பேச்சு எல்லாம் துணியில்தான். விரிப்பின் ஒரு முனை என் கையில், மறுமுனை இன்னொருத்தி கையில். ஒரு இழுப்பு இழுத்தால் மடி என்று அர்த்தம். இரண்டு இழுப்பு என்றால் நிறுத்து, கறை இருக்கிறது. நீளமாக ஓர் இழுப்பு வந்தால் மேற்பார்வையாளர் வருகிறார், முகத்தை ஒழுங்காக வைத்துக்கொள். இத்தனை வருஷமாக என் எதிரில் நிற்பவளை நான் மறுமுனை என்றே கூப்பிடுவேன், அவளும் என்னை அப்படித்தான். கைகள் தாமே பேசிக்கொள்ளும், நாங்கள் வேறு எதையாவது நினைத்துக்கொண்டு நிற்போம்.

விஷயத்தை மறுமுனையிடம்தான் முதலில் சொன்னேன், சாப்பாட்டு நேரத்தில். குழந்தைகளுக்கான நிபுணரிடம் பெயர் கொடுக்கச் சொன்னவளும் அவள்தான். கொடுத்தேன். அது ஒரு தனிக் கதை. தொலைபேசி செய்தால் காத்திருங்கள் என்று ஒரு குரல், அப்புறம் பாட்டு, அப்புறம் இணைப்பு துண்டாகும். நேரில் போனால் தொலைபேசியில் கேளுங்கள் என்பார்கள். தேர்வு நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போய்விட்டது. யாரோ வராமல் போனதால் ஓர் இடம் காலி என்று கூப்பிட்டபோது உருளைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஹலோ ஹலோ என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

வீட்டில் அவருக்கு அது பிடிக்கவில்லை. "அவ நல்லாத்தானே இருக்கா? நீதான் நொய்யி நொய்யின்னு அவளப் போட்டுப் படுத்தற. டாக்டருங்க ஏதாவது பேரு வெச்சு அனுப்பிடுவாங்க. பொம்பளப் புள்ள, அந்தப் பேரு காலத்துக்கும் ஒட்டிக்கும்."

"நீங்க வெச்ச பேரு மட்டும் என்னவாம்?" என்றேன். "டாக்டரு வெக்கிற பேருக்காவது மருந்து இருக்கும்."

அவர் தட்டைக் கழுவப் போய்விட்டார். அன்றிலிருந்து அவர் வாயில் பராக்கு வரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

போகிற அன்று காலையில் அவளுக்குத் தலை வாரி, துவைத்து மடித்து வைத்திருந்த உடையைப் போட்டு, ஷூவைத் துடைத்து, நகம் வெட்டி, வணக்கம் சொல்லு, கேட்டதுக்குப் பதில் சொல்லு, நடுவுல ஜன்னலைப் பாக்காதே என்று தயார் செய்தேன். எங்கே கூட்டிப் போனாலும் அப்படித்தான் கூட்டிப் போவேன். முந்தின நாளே மறுமுனை தலையில் அடித்துக்கொண்டாள். "கலைஞ்ச தலையோட கூட்டிட்டுப் போடி. காய்ச்சல்காரிக்கு யாராச்சும் பவுடர் போட்டுக் கூட்டிட்டுப் போவாங்களா?" நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரிய இடத்துக்கு அழுக்காகப் போனால் நம்மை யார் மதிப்பார்கள் என்பதுதான் என் புத்தி.

டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பெரிய மேசை, அதற்கு எதிரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாற்காலிகள். ஜன்னலுக்கு வெளியே கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு கிரேன் கம்பிக்கட்டைத் தூக்கிக்கொண்டு மெல்லத் திரும்பியது. சரிதான், இவள் இன்றைக்கு அந்தக் கிரேனிலேயே ஏறிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். நல்லதுதான், டாக்டர் பார்க்கட்டும் என்றும் நினைத்தேன்.

அவள் போகவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். தோழி உண்டா என்றால் உண்டு, பள்ளிக்கூடம் பிடிக்குமா என்றால் பிடிக்கும். கிரேன் பக்கம் கண் போகும், உடனே திரும்பி வந்துவிடும். பிறகு டாக்டரம்மா ஒரு விளையாட்டு வைத்தார். வரிசையாக மிருகங்களின் பேர் சொல்வேன், யானை என்று சொன்னால் மட்டும் மேசையைத் தட்டு. சிங்கம், முயல், ஆடு, யானை. தட்டினாள். பூனை, கரடி, யானை. தட்டினாள். நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது பட்டியல். ஒரு யானையைக்கூட அவள் விடவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. இந்த மாதிரிக் கோபம் எந்தத் தாய்க்கும் வரக்கூடாது. விடுடி, ஒண்ணையாவது விடு என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "கவனம் நல்லாவே இருக்கு. கண்ணப் பாத்துப் பேசறா. நீங்க கொண்டுவந்த கடிதத்துல டீச்சரும் தொந்தரவு எதுவும் இல்லன்னுதான் எழுதியிருக்காங்க."

"தொந்தரவு இல்லதாங்க டாக்டர். ஆனா வீட்டுல தலையில குத்திக்கிறா. பாதிப் பரீட்சையில ஆளே இருக்க மாட்டா..."

"நீங்க ரொம்பப் பதட்டமா இருக்கீங்க. அம்மா பதட்டமா இருந்தா அது பிள்ளைக்கும் தொத்திக்கும். படிப்புன்னாலே பயம் வந்திருக்கலாம். முழு சோதனைக்கு அனுப்ப இப்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியல. ஒரு வருஷம் பொறுத்துப் பாருங்க."

அடுத்த வருஷம் இவள் முட்டிக்கு உயரமில்லாத பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பாள் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. நன்றி சொன்னேன். மரியாதைக்குப் பிறந்தவள் இல்லையா நான், கழுத்தை அறுத்தாலும் நன்றி சொல்லிவிட்டுத்தான் விழுவேன்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்து நிழலில் அவளை உட்கார வைத்தேன். அவரிடம் என்ன சொல்வது, டீச்சரிடம் என்ன சொல்வது, எல்லாவற்றுக்கும் மேலாக இன்றைக்குச் சாயங்காலம் இவள் முஷ்டியை மடக்கும்போது இவளிடம் என்ன சொல்வது? ஒரு வாசல் இருந்தது, அதையும் சாத்திவிட்டார்கள். கண்ணீர் தன்பாட்டுக்கு வந்தது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அம்மா, நான் நல்லா செய்யலையா?"

"நல்லா செஞ்சடி. ரொம்ப நல்லா செஞ்ச."

"பின்ன ஏன் அழற? நீ இழுத்தப்பல்லாம் திரும்பி வந்தேன்ல?"

"எப்ப இழுத்தேன்?"

"அங்கதான், மேசைக்குக் கீழ. எத்தன தடவ இழுத்த! எனக்கு வெரலே வலிக்குது."

தன் இடது கைச் சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினாள். அது சிவந்திருந்தது.

அந்த விரலைப் பார்த்தேன். பிறகு என் வலது கையைப் பார்த்தேன். அது அப்போதும் அவள் கைப்பக்கம்தான் கிடந்தது.

அவள் சின்ன வகுப்பில் இருக்கும்போது ஆரம்பித்தது அது. ரோடு கடக்கையில் நடுவில் நின்றுவிடுவாள் என்று சுண்டுவிரலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுப்பேன், திரும்பி வா என்று. உறவுக்காரர் வீட்டில் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தால் இரண்டு இழுப்பு, போதும் நிறுத்து. யாராவது பெரியவர்கள் பார்த்தால் நீளமாக ஒன்று, சிரி. சலவைக் கூடத்துப் பேச்சை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். விரிப்பு மடிக்கிற கைக்கு மடிக்கிறோம் என்று தெரியுமா? அதே மாதிரி இந்தக் கைக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக் கூட்டமோ கல்யாண வீடோ கடைவீதியோ, நான் பக்கத்தில் இருக்கிற இடமெல்லாம் அவள் நல்ல பெண்தான். இன்றைக்கு அவளைச் சோதிக்கப் போன அறைக்குள்ளும் என் கை அவளுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கிறது.

"எழுந்திரு" என்றேன்.

"பஸ்ஸு வருதும்மா."

"போகட்டும். எழுந்திருடி."

வரவேற்பு மேசையில் இருந்த பெண் கணினியைத் தட்டிப் பார்த்தாள். "இன்னைக்கு உங்க பேரு முடிஞ்சிடுச்சு மேடம். திரும்பப் பாக்கணும்னா புதுசாப் பேரு கொடுக்கணும். இந்த வருஷம் தேதியே இல்ல."

"புதுசா வேணாம்மா. பத்து நிமிஷம் போதும். டாக்டர் தப்பாப் பாத்துட்டாங்க. இல்ல, நான்தான் தப்பாக் காட்டிட்டேன்."

"உள்ள வேற பேஷண்ட் இருக்காங்க. உக்காருங்க மேடம். இல்ல, உக்காராதீங்க, கிளம்புங்க."

பாவம், அவளுக்கே குழம்பிவிட்டது. நான் உட்காரவும் இல்லை, கிளம்பவும் இல்லை. டாக்டரம்மாவின் கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். காத்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். காவலாளி வந்து, "அம்மா, வழிய விடுங்க" என்றார். முதலில் மெதுவாகப் பேசினேன். அப்புறம் என் குரல் எனக்கே தெரியாமல் உயர்ந்துவிட்டது. உருளைச் சத்தத்தையே தாண்டுகிற தொண்டை இது. என் வாழ்நாளில் வெளியிடத்தில் நான் கத்தியதில்லை. கத்துகிறவர்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவள் நான். அன்றைக்கு அந்தக் கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன், என் மகளைக் கீழ் வகுப்பில் போட்டால் அவள் பிழைக்க மாட்டாள் என்று. மகள் என் பின்னால் ஒண்டிக்கொண்டு தன் பாவாடையைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. டாக்டரம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "என்ன இது?"

"டாக்டர், நீங்க பாத்தது என் பொண்ண இல்ல. என் கைய." மூச்சு வாங்கியது எனக்கு. "மேசைக்குக் கீழ அவ விரலப் புடிச்சு இழுத்துக்கிட்டே இருந்திருக்கேன். சத்தியமா எனக்கே தெரியல. என் கை இல்லாம ஒரு தடவ பாருங்க. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லன்னு சொன்னா உங்க வாசல மிதிக்க மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். குனிந்து அவள் கையை எடுத்து, சிவந்திருந்த விரலைப் பார்த்தார். "உள்ள இருக்கிற குழந்தைய முடிச்சிட்டு, சாப்பாட்டு நேரத்துல கூப்பிடறேன்" என்றார். "இப்பக் கத்தாதீங்க. மத்த பிள்ளைங்க பயப்படுது."

கூப்பிட்டபோது மேசையருகே ஒரு நாற்காலிதான் இருந்தது. மற்றதை அவரே எடுத்துக் கதவோரம் போட்டிருந்தார். அதில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். மேசைக்கும் எனக்கும் நடுவே அறை கிடந்தது. அவள் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இந்தத் தடவ குதிரைன்னு சொன்னாத் தட்டணும், சரியா?" என்றார் டாக்டரம்மா.

நாய், குதிரை. தட்டினாள். மான், கிளி, எருமை, குதிரை. தட்டினாள். நரி, அணில், ஒட்டகம். ஜன்னலில் கிரேன் திரும்பியது. அவளுடைய கழுத்தும் அதோடு மெல்லத் திரும்பியது. பசு, குதிரை. தட்டவில்லை. பன்றி, புலி, குதிரை. தட்டவில்லை. டாக்டரம்மா நிறுத்தாமல் அதே குரலில் படித்துக்கொண்டே போனார். குதிரை ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அவளுடைய வாய் லேசாகத் திறந்திருந்தது. முகத்தில் ஒன்றுமே இல்லை. அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் பார்த்ததில்லை. பார்க்கிற அளவுக்கு ஒருநாளும் விட்டதில்லை.

இதற்காகத்தானே கத்தினேன், இதைக் காட்டத்தானே கூட்டி வந்தேன்? இருந்தும் போதும், நிறுத்துங்கள் என்று எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. என் கைகள் தொடைக்கடியில் துடித்தன.

எங்கோ நடுவில் விழித்துக்கொண்டாள். ஏதோ தவறிவிட்டது என்று மட்டும் தெரிந்திருக்கிறது. எது என்று தெரியவில்லை. கிளி என்றதற்கு அவசரமாக மேசையைத் தட்டினாள். டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தாள். முயல் என்றதற்கும் தட்டினாள். இடது கை நாற்காலிக்குப் பக்கத்தில் இறங்கி, வெறும் காற்றில் எதையோ தேடியது. சுண்டுவிரல் மட்டும் தனியாக நீண்டிருந்தது.

"அம்மா" என்றாள், திரும்பாமலே.

நான் அசையவில்லை.

"அம்மா, இழும்மா."

நான் நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"இழும்மா... நான் போயிட்டேன்... இழும்மா!" முஷ்டி மடங்கித் தலைக்குப் போனது. ஒன்று, இரண்டு.

டாக்டரம்மா எழுந்து ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அவளுக்கு முன்னால் தரையிலேயே மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"போதும்டா கண்ணு. விளையாட்டு முடிஞ்சிடுச்சு. எங்க போயிருந்த?"

"தெரியல. நானாப் போகல. அதுவாப் போயிடுது." விக்கிக்கொண்டே சொன்னாள். "அம்மா இழுத்தா வருவேன்."

"வகுப்புல?"

"வகுப்புல யாரும் இழுக்க மாட்டாங்க. பெல்லு அடிச்சாத்தான் வருவேன். வந்து பாத்தா போர்டு பூரா எழுத்து இருக்கும். எல்லாரும் எழுதி முடிச்சிருப்பாங்க. நான் எழுதற மாதிரி சும்மா கைய ஆட்டிக்கிட்டே இருப்பேன்."

"டீச்சர்கிட்ட சொல்லலாம்ல?"

அவள் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "டீச்சர் என்னைய நல்ல பொண்ணுன்னுதான் சொல்றாங்க. சொன்னா அதுவும் போயிடும்ல."

டாக்டரம்மா அவள் கையை விடாமல் என் பக்கம் திரும்பினார். படித்தவர்கள் வழக்கமாகப் பேசுகிற குரல் இப்போது இல்லை. "காலையில நான் தப்பாப் பாத்துட்டேன்மா. இத வெச்சு இப்பவே எதுவும் முடிவு சொல்ல முடியாது. முழுசா சோதிக்கணும், ரெண்டு மூணு தடவ வரணும். அடுத்த வாரமே ஆரம்பிக்கலாம். அது முடியற வரைக்கும் வகுப்ப மாத்தக் கூடாதுன்னு பள்ளிக்கூடத்துல நானே பேசறேன்."

கேட்க வந்தது கிடைத்துவிட்டது. தலையை ஆட்டினேன். நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது, இந்தத் தடவை வாய் வரவில்லை.

வெளியே வந்தபோது அவள் என் கையைப் பிடிக்கவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு பக்கமாக நடந்தாள். வாரிவிட்ட தலை கலைந்து, ஷூ லேஸ் அவிழ்ந்து, மூக்கு ஒழுகி, காலையில் நான் கூட்டிப்போன பெண்ணா இவள் என்று இருந்தது. சாலையைக் கடக்க வேண்டிய இடத்தில் நின்றோம். வண்டிகள் சீறிக்கொண்டு போயின. பழக்கத்தில் என் சுண்டுவிரலை நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், தொடவில்லை.

"இப்ப மட்டும் இழுப்பியா?"

"இழுப்பேன்."

"அங்க ஏன் இழுக்கல? நான் எவ்ளோ தடவ கூப்பிட்டேன்!"

வண்டிச் சத்தத்தில் குனிந்து அவள் காதருகே சொன்னேன். "நீ எவ்ளோ தூரம் போயிடறன்னு அவங்க பாக்கணும்ல கண்ணு. நான் இழுத்துட்டா யாருக்குமே தெரியாது."

முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தாள்.

"பாத்துட்டாங்களா?"

"பாத்துட்டாங்க."

"நீ?"

"நானும் இன்னைக்குத்தான்டி பாத்தேன்" என்றேன்.

வண்டிகள் நின்று வழிவிட்டன. எனக்குத்தான் கண் மறைத்தது, கால் எடுத்து வைக்கத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். அப்போது சுண்டுவிரலில் ஓர் இழுப்பு விழுந்தது.